காலண்டர் கட்டிங்கில் வெந்த சோறு

பதினேழு பேருக்கு இரண்டரை கிலோ புழுங்கலரிசி. ஒரு மணி நேரம் ஊற வேண்டும். தண்ணீர் ஐந்தரை லிட்டர். கொதி வந்தபின் எட்டு நிமிடம். அதற்கு மேல் அடுப்பு தேவையில்லை. மூடிக் கட்டிப் பெட்டிக்குள் இறக்கிவிட்டால் ஒன்றரை மணி நேரத்தில் சோறு தானாக வெந்திருக்கும்.

இது என் அம்மா சுப்புத்தாயின் அளவு. அவள் இதை எங்கும் எழுதிவைக்கவில்லை. அதனால் நான் எழுதுகிறேன்.

அம்மா இருபத்திரண்டு வருடம் அச்சங்குளத்துப் பக்கம் ஒரு பட்டாசு கம்பெனியில் சரம் பின்னினாள். காலை ஆறரைக்குத் திருத்தங்கலில் கம்பெனி வண்டி வந்து நிற்கும். ஷெட்டுக்குள் நுழையும் முன் வாசலில் பதித்திருக்கும் செப்புத் தகட்டில் கை வைக்க வேண்டும். உடம்பில் சேர்ந்த மின்சாரம் மண்ணுக்குள் இறங்கிவிடும். பருத்திச் சேலைதான் கட்ட வேண்டும். இரும்புச் சாமான் ஆகாது. ஒரு அறையில் நாலு பேருக்கு மேல் நிற்கக் கூடாது. போனைக் கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள்.

இதே சட்டங்கள் எங்கள் வீட்டு அடுப்படியிலும் நடந்தன. அடுப்பைப் பற்றவைக்கும் முன் அம்மா குனிந்து தரையைத் தொடுவாள். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர், ஒரு வாளி மணல். கிண்டுவது மர அகப்பையால். எரிகிற அடுப்பை விட்டு ஒரு அடி நகர மாட்டாள். வாசலில் யாராவது கூப்பிட்டால் அடுப்பை அணைத்துவிட்டுத்தான் போவாள்.

சின்ன வயதில் எனக்கு இது வேடிக்கையாக இருந்தது. அப்பா நான் எட்டாவது படிக்கும்போதே இறந்துவிட்டார். அம்மா என்னை மெக்கானிக்கல் படிக்கவைத்தாள். இப்போது ஓசூரில் ஒரு பேட்டரி கம்பெனியில் இருக்கிறேன். பேட்டரி எவ்வளவு சூடாகிறது, அந்தச் சூடு எந்த வழியாக வெளியே போகிறது என்று அளப்பது என் வேலை. வேலையைத் தொடங்கும் முன் மணிக்கட்டில் எர்த் பட்டை மாட்டிக்கொள்ள வேண்டும். முதல் மாதம் ஊருக்கு வந்தபோது அம்மாவிடம் அதைச் சொன்னேன்.

"அப்ப நீயும் நம்ம சோலிதான் பாக்குற" என்றாள்.

தீபாவளிக்கு முந்தைய வாரம் வரை பட்டாசு கம்பெனிப் பெண்களுக்கு ஓய்வு கிடையாது. தீபாவளி முடிந்ததும் கம்பெனி ஒரு மாதத்துக்கு மேல் பூட்டிக் கிடக்கும். அப்போது அம்மாவும் அவளோடு வேலை பார்ப்பவர்களுமாகப் பதினைந்து பேர் ஒரு வேன் பிடித்து நாலு நாள் டூர் போவார்கள். புருஷன், பிள்ளை, மாமியார் யாரும் வரக் கூடாது. வருடத்தில் அந்த நாலு நாள்தான் அவர்களுடையது.

சாப்பாடு அம்மா பொறுப்பு. முதல் நாள் மதியத்துக்கு வீட்டிலிருந்து புளிச்சோறு. காலைகளுக்கு ரவை அல்லது அவல். ரவையை வீட்டிலேயே எண்ணெய் விட்டு வறுத்து, கடுகு, உளுந்து, மிளகாய் தாளித்து அதோடு கலந்து பையில் கட்டிவிடுவாள். வழியில் வெந்நீர் ஊற்றி ஐந்து நிமிடம் மூடிவைத்தால் உப்புமா. கானப்பயற்றுத் துவையலை, அதாவது கொள்ளுத் துவையலை, ஈரம் இல்லாமல் பொடியாக இடித்து எடுத்துக்கொள்வாள். சாப்பிடும்போது தண்ணீர் தெளித்துப் பிசைந்தால் துவையல். வறுத்த மோர் மிளகாய் ஒரு டப்பா. ஒன்றும் இல்லாத நேரத்துக்குச் சாத்தூர் சேவு இரண்டு கிலோ.

சோறுதான் சிக்கலாக இருந்தது. வேனுக்குள் அடுப்பு வைக்க முடியாது. இறங்கிய இடத்தில் வைத்தால் ஒருத்தி அடுப்போடு உட்கார வேண்டும். முதல் இரண்டு வருடம் அந்த ஒருத்தி அம்மா. கன்னியாகுமரி வரை போய், கடலில் கால் நனைக்காமல் வீடு திரும்பினாள்.

மூன்றாம் வருடம் பெட்டி வந்தது.

பட்டாசு வேலைக்குப் போகும் முன் அம்மா திருத்தங்கலில் ஒரு அச்சகத்தில் காலண்டர் அடுக்கியவள். மிஷினில் ஓரம் வெட்டும்போது விழும் காகித நாடாக்களைக் கட்டிங் என்பார்கள். சாக்கில் அடைத்து வைத்திருப்பார்கள். ஒரு நாள் யாரோ டீ இருந்த தூக்குவாளியை அந்தச் சாக்குக்குள் வைத்துவிட்டு மறந்துபோனார்கள். மூன்று மணி நேரம் கழித்து எடுத்துக் குடித்தபோது நாக்கு சுட்டதாம். பல வருடம் கழித்து, வேன் டூரில் அடுப்போடு உட்கார்ந்திருந்தபோது அம்மாவுக்கு அது ஞாபகம் வந்தது.

வெடிமருந்து படாத புது பட்டாசுப் பெட்டி ஒன்று வாங்கினாள். பெரிய அட்டைப்பெட்டி. அடியில் ஒரு முழம் உயரத்துக்குக் கட்டிங். கொதித்த குண்டாவை மூடி, பழைய பருத்திச் சேலையால் சுற்றி, நடுவில் இறக்கி, சுற்றிலும் மேலும் கட்டிங்கைத் திணித்தாள். காகிதத்துக்கு நடுவே அசையாமல் நிற்கும் காற்றுதான் சூட்டைப் பிடித்துவைக்கிறது. கல்லூரியில் எனக்கு இதை ஒரு செமஸ்டர் நடத்தினார்கள்.

அதற்குப் பிறகு எல்லோரோடும் அவளும் அருவிக்குப் போனாள். கடலில் நின்றாள். "சமைக்கிறவளும் தண்ணியில நிக்கணும்ல" என்பாள்.

பெட்டிக்கு ஒரே சட்டம். நேரம் வரும்வரை திறக்கக் கூடாது. வாசனை பிடிக்கக்கூட மூடியைத் தூக்கக் கூடாது. எந்த வருடமும் யாரும் திறந்ததில்லை.

போன வருடம் புரட்டாசியில் அம்மாவுக்கு வயிற்று வலி வந்தது. சீசன் நேரம். லீவு கேட்க முடியாது என்று யாரிடமும் சொல்லவில்லை. தீபாவளிக்கு நான் ஊருக்கு வந்தபோது அவளுடைய ஜாக்கெட் தோளில் நிற்காமல் நழுவியது. மறுநாளே மதுரைக்குக் கூட்டிப்போனேன். ஸ்கேனில் கணையத்தில் கட்டி. சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். ரிசல்ட் வரப் பத்து நாள் ஆகும் என்றார்கள். டூர் எட்டாம் நாள்.

"இந்த வருசம் போகாதம்மா."

"ரிசல்ட் வர்ற வரைக்கும் நான் வாசல்ல உக்காந்து காவல் காக்கணுமாக்கும்?"

"சரி, அவங்ககிட்ட சொல்லிட்டாவது போ."

"சொன்னா அது டூரா இருக்குமா? ஆஸ்பத்திரிக்கு ஆள் பாக்க வந்த மாதிரி பதினாலு பேரும் என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருப்பாளுக. வருசத்துக்கு நாலே நாளு தாயி. அதைக் கெடுத்துட்டேன்னு எனக்கு இருக்கக் கூடாது. வந்து சொல்லிக்கிடுறேன்."

நாலு நாள் யாருக்கும் தெரியக் கூடாது. அம்மா கேட்டது அது ஒன்றுதான். நானும் கூட வருவேன் என்ற நிபந்தனையோடு ஒத்துக்கொண்டேன். குண்டாவை இனி அவளால் தூக்க முடியாது. யாராவது தூக்க வேண்டும்.

வேனில் ஏறும்போதே முத்துச்செல்வி அத்தை பிடித்துக்கொண்டார். அந்தக் கூட்டத்தில் வாய் ஓயாதவர் அவர்தான். அம்மாவை மதினி என்று கூப்பிடுவார்.

"என்ன மதினி, சட்டத்தை மாத்திட்டீகளா? பிள்ளைகுட்டி ஏறக் கூடாதுல்ல?"

"கடலைப் பாக்கணும்னா. லீவுல வந்துருக்கா."

"ஏன், ஓசூர்ல கடல் இல்லையாக்கும்?"

"இல்ல அத்தை" என்றேன்.

"பாத்தியா, எம்புட்டுச் சம்பளம் குடுத்தாலும் ஒரு கடல் குடுக்க மாட்டேங்குறாக" என்றார். வேன் முழுக்கச் சிரிப்பு. என்னை ஏற்றுக்கொண்டார்கள்.

அம்மாவுக்கு அடுத்த சீட் கருப்பம்மாள் பெரியம்மாவுடையது. ஷெட்டிலும் இருபத்திரண்டு வருடம் அம்மாவுக்குப் பக்கத்து இடம். அதிகம் பேச மாட்டார். அம்மா படியில் ஏறக் கை கொடுத்துத் தூக்கியவர், ஏறிய பிறகும் அந்தக் கையை ஒரு நிமிடம் விடாமல் வைத்திருந்தார். நான் அதைக் கவனித்தேன். அம்மாவும் கவனித்தாள்.

குற்றாலத்தில் அம்மா அருவிக்குப் போகவில்லை. சளி என்றாள். பாபநாசத்தில் முழங்கால் என்றாள். பெட்டியை ஏற்ற, இறக்க, குண்டாவைத் தூக்க நான் முந்திக்கொண்டேன். "பொம்பளப்பிள்ளையை இம்புட்டு வேலை வாங்காதீக மதினி" என்று முத்துச்செல்வி அத்தை சொன்னார். அம்மா இலையில் சோற்றைப் பரப்பிக்கொண்டு, பேசிக்கொண்டே, சாப்பிடாமல் எழுந்துவிடுவாள். அந்த இலையை நானே எடுத்துப் போட்டேன். இரண்டு நாள் ஓடிவிட்டது.

மூன்றாம் நாள் கன்னியாகுமரியில் சூரியன் வருவதைப் பார்த்துவிட்டு, அரிசியை வேனிலேயே ஊறப்போட்டுக்கொண்டு உவரிக்குக் கிளம்பினோம். ஒன்பதரைக்கு உவரி. டிரைவர் புகழேந்தி கடற்கரையை ஒட்டிய மணலில் வேனை நிறுத்தினார். அம்மா வேனிலிருந்து அறுபது அடி எண்ணி அடுப்பு வைக்கச் சொன்னாள். அடுப்பைச் சுற்றி நாலு பேர்தான். ஐந்தாவதாக எட்டிப் பார்த்தவரைத் துரத்தினாள். தரையைத் தொட்டுவிட்டுப் பற்றவைத்தாள். பத்து மணிக்குக் குண்டா பெட்டிக்குள் இறங்கியது. பெட்டியை வேனின் பின்பக்கம் ஏற்றினேன்.

பெண்கள் கோயிலுக்கும் கடலுக்கும் போனார்கள். புகழேந்தி டீ குடிக்கப் போனார். அம்மா வேனின் முன் சீட்டில் படுத்தாள். உடனே தூங்கிவிட்டாள்.

எனக்கு ஒரு யோசனை இருந்தது. அந்தப் பெட்டி அம்மாவுக்குக் கனம். பாதி எடையில், தோளில் மாட்டுகிற மாதிரி ஒன்று செய்து கொடுக்கலாம். அதற்குப் பெட்டிக்குள் சூடு எவ்வளவு, எந்த வேகத்தில் குறைகிறது என்று தெரிய வேண்டும். வேலையிடத்து ஊசித் தெர்மாமீட்டரைக் கையோடு கொண்டுவந்திருந்தேன். அடுத்த வருடத்துக்குப் பெட்டி செய்ய நினைத்தேன். அடுத்த வருடம் இருக்கிறது என்று நம்புவதற்கு எனக்கு வேறு வழி தெரியவில்லை.

பத்து பத்துக்குப் பெட்டியைத் திறந்தேன். கட்டிங்கை ஒதுக்கி, சேலையை விலக்கி, மூடியை எடுத்துக் கீழே வைத்தேன். தொண்ணூற்றாறு டிகிரி. அப்போது போன் அடித்தது. மதுரை ஆஸ்பத்திரி.

அம்மா காதில் விழக் கூடாது. போனை எடுத்துக்கொண்டு கடலோரமாக நடந்தேன். ரிசல்ட் வந்துவிட்டது, திங்கட்கிழமை டாக்டரைப் பார்க்க வாருங்கள் என்றார்கள். நான் விடாமல் கேட்டேன். கடைசியில் டாக்டரிடமே கொடுத்தார்கள். அவர் பொறுமையாகச் சொன்னார். கல்லீரலுக்கும் போயிருக்கிறது. ஆபரேஷன் செய்ய முடியாது. எவ்வளவு நாள் என்று கேட்டேன். அதையும் சொன்னார்.

போன் முடிந்த பிறகும் அங்கேயே நின்றேன். எவ்வளவு நேரம் என்று அப்போது தெரியவில்லை. தொலைவில் பெண்கள் அலைக்குள் கை கோத்து நின்று கத்திக்கொண்டிருந்தார்கள்.

திரும்பியபோது வேனைச் சுற்றி மணல் முழுக்கக் காகித நாடாக்கள் பறந்துகொண்டிருந்தன. பின்கதவு திறந்திருந்தது. மூடி நான் வைத்த இடத்திலேயே இருந்தது. கடல்காற்று நேராகக் குண்டாவுக்குள் அடித்தது. மணி பத்து ஐம்பது. தெர்மாமீட்டரை வைத்தேன். அறுபத்தாறு. அரிசி வேக எழுபது டிகிரியாவது வேண்டும்.

மணலில் ஓடி ஓடிக் கட்டிங்கைப் பொறுக்கினேன். அந்த மாதம் அச்சகத்தில் ஓடியது அடுத்த வருடத்துக் காலண்டர். நாடாக்களில் பாதி வெட்டுப்பட்ட தேதிகள். ஆறின் வால், எட்டின் வயிறு, சிவப்பில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. எல்லாம் அடுத்த வருடத்தின் நாட்கள். பொறுக்கித் திணித்தேன். மூடினேன்.

அம்மாவை எழுப்பிச் சொல்லியிருக்கலாம். மறுபடி அடுப்பை மூட்டியிருக்கலாம். சொல்லவில்லை. எப்படியாவது வெந்துவிடும் என்று நினைத்தேன். கணக்குத் தெரிந்தவள் நினைக்கக் கூடாத நினைப்பு.

பதினொன்றே முக்காலுக்கு எல்லோரும் ஈரச் சேலையோடு வந்தார்கள். நல்ல பசி. இலை போட்டார்கள். அம்மா எழுந்து வந்தாள். தரையைத் தொட்டாள். பெட்டியைத் திறந்தாள். ஆவி வரவில்லை. ஒரு பருக்கையை விரலில் நசுக்கினாள். நசுங்கவில்லை. கட்டிங்கில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

எல்லாம் அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"தண்ணியக் குறைச்சுட்டேன் போல" என்றாள்.

முத்துச்செல்வி அத்தை ஒரு பருக்கையை வாயில் போட்டுக் கடித்தார். "மதினி, இது சோறா, சீனி வெடியா? வாய்க்குள்ள படபடங்குது."

யாரும் சிரிக்கவில்லை. கருப்பம்மாள் பெரியம்மா முன்னே வந்துவிட்டார்.

"நீ அளவு தப்புனியா?"

"வயசாகுதுல்லக்கா."

"சரத்துல ஒரு வெடி கூடக் குறைய விட்டவ இல்ல நீ. பதினாறு வருசமா இந்தப் பெட்டியில சோறு வேகாம இருந்தது இல்ல. அருவிக்கு வரல. இன்னிக்குக் கடலுக்கும் வரல. உன் எலையில சோறு அப்படியே கெடக்கு, நான் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். நேராச் சொல்லு சுப்பு. உனக்கு என்ன செய்யுது?"

 பதினாலு பேரும் அம்மாவின் முகத்தைப் பார்த்தார்கள். எது நடக்கக் கூடாது என்று அவள் கேட்டாளோ அது நடந்துகொண்டிருந்தது. என்னைக் காப்பாற்ற அவள் சொன்ன பொய்யால்.

"பெரியம்மா, நான் தொறந்தேன்" என்றேன்.

"என்னது?"

"பெட்டியை நான்தான் தொறந்தேன். உள்ள எவ்வளவு சூடு இருக்குன்னு பாக்க. அப்ப ஒரு போன் வந்துச்சு. மூடாமப் போயிட்டேன். நாப்பது நிமிசம்."

"நாப்பது நிமிசமா? யாரு போனு?"

"ஆபீஸ்."

 முத்துச்செல்வி அத்தை இடுப்பில் கை வைத்தார்.

"இதுக்குத்தான் கம்பெனியில போனைக் கேட்லயே புடுங்கிக்கிடுறாக!"

அவ்வளவுதான். ஈரச் சேலையோடு மணலில் உட்கார்ந்து சிரித்தார்கள். ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் பிடித்தார்.

"சூடு பாக்குறதுக்கு ஊசி கொண்டாந்துருக்கா பாரு. சோத்துக்குக் காச்சலாத்தா?"

"இன்சினியருக்குப் படிச்சா சோத்துப்பானையைத் தொறந்து வச்சுத்தான் வேக வைப்பாகளாம்."

"இவ பேட்டரி போட்ட வண்டியில நான் ஏற மாட்டேன்டியம்மா."

கருப்பம்மாள் பெரியம்மாவும் சிரித்துவிட்டார். அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். பிறகு தீர்ப்பும் அவரே சொன்னார்.

"டூர் முடியிற வரைக்கும் உங்கம்மா கையை ஒண்ணுல வைக்கக் கூடாது. தூக்குறது, ஏத்துறது, கிண்டுறது, கழுவுறது எல்லாம் தப்புச் செஞ்சவதான். சுப்பு உக்காந்து வேலை வாங்கட்டும். நீ கடைசிப் பந்தி. அடுத்த வருசமும் நீதான் பெட்டி தூக்கணும்."

அம்மா ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள். உட்கார இப்போது அவளுக்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது.

"சோறு எம்புட்டு இருக்கோ அம்புட்டு வெந்நி ஊத்து" என்றாள். "பூண்டை உரிச்சுப் போடு. வெந்தயம் ரெண்டு கரண்டி. ஓலை உமல் பையில பாசிப்பருப்பு இருக்கும், அதையும் போடு. அடியில பிடிக்கும், விடாமக் கிண்டு. அப்படி இல்ல, அகப்பையைச் சாச்சுப் பிடி."

அரை மணி நேரத்தில் வேகாத சோறு கஞ்சி ஆனது. தேங்காய்த் துருவலைப் பிழிந்து பாலை ஊற்றச் சொன்னாள். கானத் துவையல், மோர் மிளகாய், சேவு. ஒரு மணிக்குச் சாப்பிட்டார்கள். சோற்றைவிட இதுதான் நன்றாக இருக்கிறது என்று புகழேந்தி சொன்னார். பசியில் சொன்னாரோ என்னவோ, மூன்று தரம் வாங்கினார்.

கடைசிப் பந்தியில் நான். "எம்மக தனியாத் திங்க வேணாம்" என்று அம்மாவும் எனக்காகக் காத்திருந்தாள். குண்டாவின் அடியில் இருந்ததை வழித்து இரண்டு டம்ளரில் ஊற்றினேன். அவள் முழுவதும் குடித்தாள். இன்னும் கொஞ்சம் கேட்டாள். அந்த மூன்று நாளில் அவள் வயிற்றில் தங்கியது அதுதான்.

திருச்செந்தூர் போகிற வழியில் வேனில் பாட்டு ஓடியது. எல்லோரும் பின்னால் ஆடிக்கொண்டிருந்தார்கள். அம்மா என் தோளில் சாய்ந்திருந்தாள்.

"ஆபீஸ்ல என்ன சொன்னாக?" என்றாள்.

அவள் எந்த ஆபீஸைக் கேட்கிறாள் என்று எனக்குத் தெரியும்.

"திங்கக்கிழமை வரச் சொன்னாங்க."

"நீ வருவியா?"

"வருவேன்."

"சரி. அதை ஊருக்குப் போயிப் பாத்துக்கிடுவோம்."

ஜன்னலுக்கு வெளியே தேரிக்காட்டுச் செம்மண் ஓடிக்கொண்டிருந்தது. தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து, கண்ணைத் திறக்காமலே சொன்னாள்.

"நல்லவேளை தொறந்த."

நாலாம் நாள் சாயங்காலம் திருத்தங்கலில் இறங்கினோம். யாருக்கும் தெரியவில்லை. செவ்வாய்க்கிழமை அம்மாவே கருப்பம்மாள் பெரியம்மா வீட்டுக்குப் போய்ச் சொன்னாள். நான் தெருவில் நின்றேன். உள்ளே என்ன பேசினார்கள் என்று தெரியாது.

அதன்பின் எங்கள் வீட்டில் கஞ்சிக்குக் குறைவில்லை. தினமும் யாராவது ஒருவர், கம்பெனி திறந்த பிறகும் வேலை விட்டு வரும்போது, தூக்கோடு வந்தார். துணிப்பைக்குள் காலண்டர் கட்டிங், அதற்கு நடுவே தூக்கு. அம்மா கையை உள்ளே விட்டுத் தொட்டுப் பார்ப்பாள். "சூடு நிக்குது" என்பாள். கடைசி இரண்டு வாரம் குடிக்க முடியவில்லை. அப்போதும் தொட்டுப் பார்த்தாள்.

மாசியில் போனாள். டூர் முடிந்த நூற்றுப் பதினொன்றாம் நாள்.

இந்த வருடம் தீபாவளி முடிந்த மூன்றாம் நாள் முத்துச்செல்வி அத்தை போன் செய்தார்.

"எப்ப வார?"

"எதுக்கு அத்தை?"

"எதுக்கா? பெட்டி தூக்க யாரு இருக்கா? தண்டனை பாக்கி இருக்குல்ல."

"எனக்குச் சமைக்கத் தெரியாது அத்தை."

"தெரியும்னு இங்க யாரும் சொல்லலையே. அம்மா அளவு தெரியும்ல? வா."

அம்மாவின் பெட்டியே போதும் என்று தோன்றியது. தோளில் மாட்டும் பெட்டி செய்யவில்லை. அச்சகத்தில் கேட்டுப் புது கட்டிங் வாங்கினேன். அம்மாவின் நீலப் புள்ளிச் சேலையைச் சுற்றுவதற்கு எடுத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் உவரி. வேனிலிருந்து அறுபது அடி எண்ணினேன். சுற்றி நாலு பேர். தரையைத் தொட்டேன். கொதி வந்தபின் எட்டு நிமிடம். பத்தே காலுக்குப் பெட்டியை மூடினேன். மூடியதும் முத்துச்செல்வி அத்தை ஒரு தூக்குவாளியை நீட்டினார்.

"போனைப் போடு."

போட்டேன். அதைப் புகழேந்தியிடம் கொடுத்து, வேனுக்குப் பின்பக்கம் யாரையும் அண்ட விடாதே என்று சொன்னார். கருப்பம்மாள் பெரியம்மா என் கையைப் பிடித்துக் கடலுக்குக் கூட்டிப்போனார். முழங்கால் அளவுத் தண்ணீரில் நின்றோம். மற்றவர்கள் கொஞ்சம் தள்ளி இருந்தார்கள்.

"அன்னிக்கு வந்தது ஆபீஸ் போனு இல்லையில்ல?" என்றார்.

"இல்ல பெரியம்மா."

அவர் தலையை ஆட்டினார். ஒரு அலை வந்து போனது.

"வண்டியில ஏத்துறப்பவே அவ கையில கனமே இல்ல. விடாமக் கேட்டுருக்கணும். கேக்கத்தான் வந்தேன். நீ போனுன்ன, சிரிச்சோம், அதோட விட்டுட்டேன்."

"நீங்க விடணும்னுதான் அம்மா நெனச்சா."

"விட்டதுனால எனக்கு ரெண்டு நாளு அவகூடச் சந்தோசமா இருந்துச்சு" என்றார். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். உப்புத் தண்ணீர் தெறித்திருந்தது, இருவருக்கும்.

பதினொன்றே முக்காலுக்குத் திறந்தேன். ஆவி முகத்தில் அடித்தது. ஒரு பருக்கையை விரலில் நசுக்கினேன். நசுங்கியது.

நான் கடைசிப் பந்தி. அது மாறவில்லை. முத்துச்செல்வி அத்தை முதல் வாய் வைத்துவிட்டு யோசித்தார்.

"வெந்துருக்கு. உப்புதான் பத்தல."

அரிசியும் தண்ணீரும் நிமிடமும் என்னிடம் இருக்கின்றன. உப்பை மட்டும் அம்மா அளந்ததே இல்லை. உள்ளங்கையைக் குவித்து அள்ளுவாள். இந்த வருடம் என் கையால் ஒரு கை போட்டேன். என் கை அவளுடையதைவிடச் சின்னது. அடுத்த வருடம் ஒன்றரைக் கை போட்டுப் பார்க்க வேண்டும்.